மழை விட்ட பிறகு மிலாறு அடுக்கைப் பாருங்கள்

உக்கும் கட்டையிலும் சருகிலும் ஊர்ந்து வாழும், பார்வைக்குப் பூஞ்சணம் போலத் தெரியும் சளிப்பூஞ்சணத்தை மழை கொட்டும் நாட்களில் தேடிப் போகாதீர்கள். மழை விட்டு, வெயில் ஓரிரு நாள் முகம் காட்டிய பிறகு போங்கள். என்னிடம் உயிரியல் படிக்கும் உயர்தரப் பிள்ளைகளிடம் ஒவ்வொரு வருடமும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். ஈரம் இருந்தால்தானே பூஞ்சணம் பிடிக்கும் என்று அவர்கள் கேட்பார்கள். சரிதான், அது உயிர் வாழவும் ஊர்ந்து திரியவும் ஈரம் வேண்டும். ஆனால் நம் கண்ணில் படும்படி அது மேலே ஏறி வருவது பெரும்பாலும் ஈரமும் சாப்பாடும் குறையத் தொடங்கும்போதுதான்.

நான் இருப்பது இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கம். மே கடைசியில் பிடிக்கும் தென்மேல் பருவ மழை செப்டம்பர் வரைக்கும் எங்களை விடாது. அந்த மாதங்களில் சளிப்பூஞ்சணம் மரக்கட்டைக்குள்ளும் சருகுக்கு அடியிலும் மறைந்தே இருக்கும். ஒக்டோபர், நவம்பரில் கதை மாறுகிறது. காலையில் நல்ல வெயில், பின்னேரம் இடியோடு மழை, நடுவில் சில நாட்கள் மழையே இல்லை. அந்த இடைவெளிகளில்தான் தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து விறகுக்குச் சுமந்து வந்த மிலாறு அடுக்குகளை, அதாவது வெட்டிய தேயிலைக் கிளைகளின் அடுக்குகளை, நான் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பேன்.

போன வருடம் அப்படி ஒரு காலையில் பக்கத்து லயத்துப் (தோட்டத்து வரிசை வீட்டுப்) பெரியம்மா வாசலில் நின்று கூப்பிட்டார்.

"டீச்சர், நம்ம மிலாறு அடுக்குல நாய் கக்கின மாதிரி மஞ்சளா கெடக்கு. நேத்து இல்ல. சுண்ணாம்பு தூவட்டுமா?"

"வேணாம் பெரியம்மா, நாளைக்கு வரைக்கும் அப்படியே விடுங்க. அது யாரையும் ஒண்ணும் செய்யாது."

போய்ப் பார்த்தேன். ஃபியூலிகோ செப்டிகா என்ற சளிப்பூஞ்சணம். உள்ளங்கை அகலம், நல்ல மஞ்சள், மேற்பரப்பு முழுக்கச் சின்னச் சின்ன நுரைக் கட்டிகள். ஓரத்தில் இன்னும் ஈரப் பளபளப்பு இருந்தது. அந்த ஓரத்திலிருந்து மெல்லிய மஞ்சள் இழைகள் பட்டையின் வெடிப்புக்குள் இறங்கிப் போயிருந்தன. அதாவது கட்டைக்குள் இருந்த மிச்சமும் இன்னும் மேலே வந்துகொண்டிருந்தது. மறுநாள் மஞ்சள் வெளுத்து, மேலே நொறுங்கும் தோல் ஒன்று போட்டிருந்தது. பெரியம்மா ஈர்க்குச்சியால் கிளறியதும் உள்ளேயிருந்து கருந்தூள் பறந்தது. அந்தத் தூள்தான் வித்தி, விதை போல அடுத்த தலைமுறையைத் தொடங்கும் நுண்துகள். இலட்சக்கணக்கில் இருக்கும்.

இதே இனம் 1973இல் அமெரிக்காவின் டலஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் முளைத்தபோது, வேற்றுக்கிரகத்திலிருந்து ஏதோ வந்துவிட்டது என்று பத்திரிகை வரைக்கும் போனது. பெரியம்மா அவ்வளவு பயப்படவில்லை. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தத் தூளை மூச்சில் இழுக்காமல் இருப்பது நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பெயரில் பூஞ்சணம் இருந்தாலும் இது பங்கசு இல்லை. பங்கசு தன் உணவின் மேல் நொதியத்தை ஊற்றிக் கரைத்து உறிஞ்சும். இது அமீபா இனம். உணவை முழுதாக விழுங்கும். 1850களின் கடைசியில் ஜெர்மன் தாவரவியலாளர் அன்டன் டி பாரி, இவற்றின் வித்தியிலிருந்து இழை முளைப்பதில்லை, அமீபாக்கள்தான் வெளியே வருகின்றன என்று காட்டினார். அதனால் பங்கசுக் கூட்டத்திலிருந்தே இவற்றைப் பிரிக்கப் பார்த்தார். அதற்குப் பிறகும் நூறு வருடத்துக்கு மேல் தாவரவியல் புத்தகங்கள் இவற்றைப் பங்கசு அத்தியாயத்தில்தான் வைத்திருந்தன. இன்றைய மரபணு ஆய்வுகள் டி பாரியின் பக்கம்தான் நிற்கின்றன.

வாழ்க்கை வட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேறு எங்கும் இப்படி ஒன்றை நான் கண்டதில்லை. ஒரு வித்தி நனைந்து வெடித்தால் ஒற்றைக் கலம் ஒன்று வெளியே வரும். சுற்றிலும் தண்ணீர் தேங்கியிருந்தால் அது சவுக்குமுளை என்ற வால் போன்ற இழையோடு நீந்தும். தண்ணீர் வற்றினால் சவுக்குமுளையை உள்ளிழுத்துக்கொண்டு அமீபாவாக ஊரும். இரண்டுக்கும் இடையில் எத்தனை முறையும் மாறிக்கொள்ளும். பொருத்தமான இரண்டு கலங்கள் சந்தித்தால் இணைந்து நுகம் ஆகின்றன. அதற்குப் பிறகுதான் அதிசயம். கரு பிரிகிறது, மறுபடி பிரிகிறது, ஆனால் கலம் பிரிவதில்லை. ஆயிரம், இலட்சம், கோடி என்று கருக்கள் பெருகினாலும் நடுவில் ஒரு சுவரும் எழுவதில்லை. எல்லாம் ஒரே மென்சவ்வுக்குள் ஒரே கலம். இதைத்தான் பிளாஸ்மோடியம் என்கிறோம். அதே பெயர் கொண்ட மலேரியாக் கிருமிக்கும் இதற்கும் உறவில்லை. பெரியம்மாவின் மிலாறு அடுக்கில் ஏறி வந்தது ஒரே ஒரு கலம். அதில் இருந்த கருக்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பிரியக்கூடியவை.

உயிரோடு இருக்கும் பிளாஸ்மோடியத்தைப் பத்து மடங்கு உருப்பெருக்கும் கைவில்லையில் பாருங்கள், போதும். உளுத்துப்போன சவுக்குக் கட்டையைப் புரட்டினால் அடிப்பக்கம் நரம்பு நரம்பாக மஞ்சளோ வெள்ளையோ படர்ந்திருக்கும். தடித்த நரம்பு ஒன்றில் வில்லையை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக் கவனித்தால், உள்ளே பொடிப்பொடியான துணிக்கைகள் ஒரே திசையில் ஓடுவது தெரியும். வேகம் குறையும். நிற்கும். பிறகு அத்தனையும் எதிர்த்திசையில் திரும்பி ஓடும். ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை அளவில் இந்தத் திருப்பம் நடக்கும். உச்ச வேகத்தில் விநாடிக்கு ஒரு மில்லிமீற்றர் வரை ஓட்டம் இருக்கும். இதயமும் இல்லை, தசையும் இல்லை. நரம்புச் சுவர் தானே சுருங்கி விரிவதால் உள்ளே இருக்கும் முதலுரு தள்ளப்படுகிறது. போகிற பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் வருகிற பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவாகவும் தள்ளினால் உடல் முழுக்க மெல்ல நகரும், மணிக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில். பிள்ளைகள் முதல் தடவை அந்தத் திருப்பத்தைப் பார்க்கும்போது வகுப்பில் எழும் சத்தத்துக்காகவே நான் இந்தப் பாடத்தை நடத்துகிறேன்.

உணவு தீர்ந்து, ஈரமும் குறைந்தால் பிளாஸ்மோடியத்துக்கு இரண்டு வழி. ஒன்று, இறுகிக் காய்ந்து ஓடாகிப் பல மாதம் தூங்கி, நனைந்ததும் எழும்புவது. மற்றது, வெளிச்சத்துக்கு வந்து வித்திப்பைகளாக மாறுவது. இரண்டாவது வழியில் போனால் திரும்ப முடியாது. முழு உடலும் வித்திக்கே செலவாகிவிடும். அந்த மாற்றம் பெரும்பாலும் இரவில் தொடங்கி ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். ஸ்டெமோனிட்டிஸ் என்ற இனம் மாலையில் வெள்ளைக் குமிழ்க் கூட்டமாக இருக்கும். மறுநாள் பார்த்தால், மினுங்கும் கருப்புக் காம்புகளில் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் உயரத்துக்குச் செம்பழுப்புத் தூரிகைகள் வரிசையாக நிற்கும். லைக்கோகாலா இளஞ்சிவப்பு உருண்டைகளாக வரும். இளசாக இருக்கும்போது நகத்தால் குத்தினால் சிவப்புப் பசை பிதுங்கும், முற்றினால் சாம்பல் தூள்தான். செராட்டியோமிக்ஸா மட்டும் நான் மேலே சொன்ன விதிக்கு அடங்காது. கடும் மழையிலேயே ஊறிய கட்டையில் வெள்ளை விரல்களாகக் கிளம்பும். அது வித்தியைப் பைக்குள் வைப்பதில்லை, வெளிப்பக்கத்திலேயே தாங்குகிறது.

எங்கள் மக்கள் பூஞ்சணம் என்றால் மிரள்வதற்குக் காரணம் இருக்கிறது. 1869இல் கோப்பித் துரு என்ற ஹெமிலேயா இங்கே கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் எங்கள் முன்னோர் காடு வெட்டி நட்ட கோப்பி அழிந்து, தேயிலை வந்தது. 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. இரண்டும் பங்கசு. இரண்டுமே கொழுந்தெடுப்பவர்களின் கூலியையும் துரைமாரின் கணக்கையும் ஒருசேர ஆட்டியவை. அதனால் இலையில், கட்டையில் எது படர்ந்தாலும் சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், மருந்து என்று கை நீள்வதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சளிப்பூஞ்சணம் உயிருள்ள செடியைத் தின்பதில்லை. உயரமான இடம் தேடிச் சில நேரம் புல்லிலோ நாற்றின் தண்டிலோ ஏறி வித்தி வைக்கும், அவ்வளவுதான். நாற்றுத் தவறணையில் அப்படிக் கண்டால் காய்ந்த பிறகு தட்டிவிட்டால் போதும்.

நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் மரக்கறி பயிரிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கோவா (முட்டைக்கோஸ்) வேரை முண்டு முண்டாக வீங்கவைக்கும் நோய்க்கிருமியைப் பழைய புத்தகங்கள் சளிப்பூஞ்சணங்களோடு சேர்த்து எழுதியிருந்தன. அதன் பெயரே பிளாஸ்மோடியோபோரா. அது வேறு குலம் என்று இப்போது தெளிவாகிவிட்டது. அந்த நோய்க்கு மண்ணின் அமிலத்தைச் சுண்ணாம்பு போட்டுக் குறைப்பது சரியான வேலை. அதைப் படித்துவிட்டு, சருகுக் குவியலில் மஞ்சளாகக் கிடப்பதன் மேலும் சுண்ணாம்பைக் கொட்ட வேண்டாம்.

இந்த உயிர்களை இலங்கையில் அக்கறையோடு தேடிய ஒருவர் பேராதனையில் இருந்தார். தோமஸ் பெட்ச், அரசாங்கப் பங்கசு ஆய்வாளர். 1905இல் வந்தவர், பின்னாளில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பணிப்பாளராகவும் இருந்தார். தேயிலை நோய்களும் இறப்பர் நோய்களும்தான் அவருடைய உத்தியோகம். இருந்தும் 1910இல் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் ஆய்விதழில் இலங்கைச் சளிப்பூஞ்சணங்களுக்கென்றே நீண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டார். தோட்டத்துக்கு ஒரு சதமும் லாபமில்லாத உயிர்களுக்காக அவர் செலவிட்ட நேரத்தை நினைத்தால் எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

அப்புறம், இந்த ஒற்றைக் கலம் கற்றுக்கொள்ளும் கதை. பிரான்சின் துலூஸ் நகரில் ஒட்ரி டுசுத்தூரும் அவருடைய குழுவினரும் 2016இல் வெளியிட்டது. ஃபைசாரம் பொலிசெஃபாலம் என்ற மஞ்சள் இனத்துக்கும் உணவுக்கும் நடுவில் ஏகார் என்ற கடற்பாசிக் கூழால் ஆன பாலம் ஒன்றை வைத்தார்கள். சிலவற்றின் பாலத்தில் குயினைன், சிலவற்றின் பாலத்தில் கஃபேன். இரண்டும் கசப்பு, ஆனால் அந்த அளவில் ஆபத்தில்லாதவை. முதல் நாட்களில் பிளாஸ்மோடியம் தயங்கித் தயங்கி, மெல்லிய இழை ஒன்றை மட்டும் நீட்டிக் கடந்தது. நாள் போகப் போகத் தயக்கம் குறைந்து, சுமார் ஆறாம் நாளில் வெறும் பாலத்தைக் கடப்பவற்றோடு சமமாகக் கடந்தது. இரண்டு நாள் கசப்பைக் காட்டாமல் விட்டால் பழைய தயக்கம் திரும்பியது. குயினைனுக்குப் பழகியது கஃபேனுக்குத் தயங்கியது, ஆகவே களைப்பினால் வந்த அலட்சியம் இல்லை இது. பழகிய ஒன்றைப் பழகாத ஒன்றோடு இணையவிட்டால், பழக்கம் அதற்கும் போய்ச் சேர்ந்தது.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. குயினைன் தரும் சிங்கோனா மரத்துக்காகத்தான் 1861இல் ஹக்கல தாவரவியல் தோட்டம் திறக்கப்பட்டது; கோப்பி சரிந்த காலத்தில் துரைமார் சிங்கோனாவைத்தான் நம்பினார்கள். கஃபேன் கோப்பியிலும் தேயிலையிலும் இருக்கிறது. எங்கள் நாலைந்து தலைமுறையை இந்த மலைகளுக்குக் கொண்டுவந்து கட்டிவைத்த பயிர்களின் கசப்பை, மூளை என்ற ஒன்றே இல்லாத உயிர் ருசி பார்த்து, பயமில்லை என்று முடிவு செய்திருக்கிறது.

ஜப்பானியர்களின் ரயில் பரிசோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். 2010இல் வெளிவந்தது. டோக்கியோவைச் சுற்றியுள்ள 36 ஊர்களின் இடத்தில் ஓட்ஸ் வைத்து, டோக்கியோ இருக்கும் இடத்தில் ஃபைசாரத்தை விட்டார்கள். ஒரு நாளுக்குச் சற்று அதிகமான நேரத்தில் அது உண்மையான ரயில் பாதைகளுக்கு நிகரான திறமையுள்ள வலையை வரைந்தது. எங்கள் பிள்ளைகளும் ஐஸ்கிறீம் பெட்டி மூடியில் மலையகப் பாதையை வரைந்து, கண்டி, நாவலப்பிட்டி, ஹட்டன், நானுஓயா, பண்டாரவளை, பதுளை என்று ஓட்ஸ் வைத்தார்கள். கட்டையில் பிடித்த மஞ்சள் பிளாஸ்மோடியம் ஒன்றை ஹட்டனில் விட்டோம். வித்திப்பை வைக்கும் வரை எந்த இனம் என்று சொல்ல முடியாது, ஆனாலும் அது ஓட்ஸைத் தின்றது. இரவு முழுக்க ஊர்ந்து நானுஓயாவையும் நாவலப்பிட்டியையும் பிடித்தது. நுவரெலியாவுக்கும் ஒரு பிள்ளை ஓட்ஸ் வைத்திருந்தாள். அதில் சாதாரணப் பூஞ்சணம் பிடித்ததால் பிளாஸ்மோடியம் கிட்டப் போகவில்லை. "அங்கதான் ரயிலே போகலையே டீச்சர்" என்றாள் இன்னொருத்தி.

இனி மண்ணுக்கு வருவோம். உக்கும் இலையிலும் கட்டையிலும் நைதரசனின் பெரும்பங்கு பற்றீரியாக்களின் உடலுக்குள் முடங்கிக் கிடக்கும். பற்றீரியாவைத் தின்னும் அமீபாக்கள் தமக்கு மிஞ்சிய நைதரசனைக் கழிவாக வெளியே விடுகின்றன. வேர்களுக்கு அது கிடைக்கிறது. சளிப்பூஞ்சணங்களும் அவற்றின் அமீபாப் பருவமும் இந்த வேலையில் பங்காளிகள். வித்திகளைத் தின்றே வாழும் பொடி வண்டுகளும் இருக்கின்றன. வில்லையில் லைக்கோகாலாவைப் பார்க்கும்போது, தூள் பூசிய முதுகோடு அவை வெளியே ஓடிவரும். அந்த முதுகில் ஒட்டிய வித்திகள் அடுத்த கட்டைக்குப் போகும். ஒரு மலையின் பழைய தேயிலையைப் பிடுங்கி மானாப்புல்லோ குவாட்டமாலாப் புல்லோ நட்டு, அதை வெட்டி வெட்டி மூடாக்குப் போடும்போது இத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் சோறு போடுகிறோம்.

மிகவும் நனைந்த காடுகளில் இவை அதிகம் இருக்கும் என்று எதிர்பார்த்தால் அங்கேயும் மழை விட்ட கதைதான். கோஸ்டாரிக்கா, எக்குவடோர் மலைக்காடுகளில் செய்த ஆய்வுகள், ஈரமும் உயரமும் கூடக்கூட இவற்றின் இன எண்ணிக்கை குறைவதைக் காட்டின. எப்போதும் சொட்டச் சொட்ட இருக்கும் இடத்தில் வித்திப்பை காயாது, காற்று தூளைத் தூக்காது, இழைப் பங்கசு மேலே படர்ந்து மூடிவிடும். அப்படிப்பட்ட இடங்களில் இவை தரையை விட்டு மேலே போய், காற்றாடத் தொங்கும் சருகிலும் பூக்கொத்துகளிலும் வாழ்கின்றன. இதைப் படித்த பிறகுதான் வீட்டு வாழை மரங்களில் தொங்கும் காய்ந்த சருகை நான் கவனிக்க ஆரம்பித்தேன். தரையில் கிடக்கும் வாழைச் சருகில் ஒன்றுமில்லாத நாளிலும், தொங்கும் சருகின் மடிப்பில் வெள்ளைச் சுண்ணத்தூள் பூசிய நுண்ணிய வித்திப்பைகள் இருக்கும்.

வீட்டில் வளர்த்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. உயிருள்ள மரத்தின் காய்ந்த வெளிப்பட்டையோ தொங்கும் சருகோ ஒரு கைப்பிடி எடுங்கள். மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் ரிசுத் தாள் விரித்து, மேலே பட்டையைப் பரப்பி, கொதித்து ஆறிய தண்ணீரை மூழ்கும் அளவுக்கு விடுங்கள். ஒரு நாள் கழித்து மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டு, நேர் வெயில் படாத இடத்தில் மூடி வையுங்கள். இரண்டாம் நாளிலிருந்து வில்லையோடு பாருங்கள்; சில இனங்கள் அந்த வாரமே வரும், சில ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும். எல்லாம் அடங்கிவிட்டது என்று தோன்றும்போது பெட்டியைத் திறந்து மெல்லக் காயவிடுங்கள். பல பெட்டிகளில் அப்போதுதான் வித்திப்பை எழும்பியிருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு சருகும் எடுக்கக் கூடாது. உங்கள் வீட்டு வேலியும் வாழையும் மிலாறு அடுக்கும் போதும்.

பதுளை, ஹாலிஎல, பண்டாரவளைப் பக்கத்து நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு வடகீழ்ப் பருவ மழை டிசம்பர், ஜனவரியில். எங்களுக்கு அப்போது வெயில். ஆகவே உங்கள் பக்கத்து நாட்காட்டி எங்களுடையதிலிருந்து வேறாக இருக்க வேண்டும். ஜனவரி மழை ஓய்ந்ததும் கட்டைகளைப் பார்த்துப் படம் அனுப்புங்கள். படத்தில் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வையுங்கள், அளவு தெரியும். எந்த மரம், உயிருள்ளதா உக்கியதா, மழை விட்டு எத்தனையாவது நாள் என்பதையும் எழுதுங்கள். மறுநாளும் அதே இடத்தைப் படம் எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. நிறம் மாறிய பிறகுதான் பல இனங்களுக்குப் பெயர் சொல்ல முடியும்.